லிபியா மணலா, கிருஷ்ணகிரி மாந்தோப்பா?

காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகளின் பசுமையைச் செயற்கைக்கோள் படங்களில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து எட்டு நாளைக்கு ஒரு படம் தரும். ஐரோப்பாவின் சென்டினல்-2 ஜோடி ஐந்து நாளைக்கு ஒன்று. மேகம் தின்றது போக மிஞ்சுவது கொஞ்சம்தான், இரண்டையும் கலந்தாக வேண்டும். ஆனால் சிவப்பு, அகச்சிவப்பு எதிரொளிப்பை வைத்துக் கணக்கிடும் பசுமை எண்ணை ஒரே தோப்புக்கு இரண்டும் ஒன்றாகச் சொல்வதில்லை. சரிக்கட்ட மூன்று வழி உண்டு.

முதல் வழி பாலைவனம். லிபியா நாட்டில் லிபியா-4 என்ற மணல்வெளி ஆண்டுக்கணக்கில் பெரிதாக மாறாது, மேகமும் குறைவு. இரண்டு செயற்கைக்கோளின் சென்சாரும் (ஒளியை அளக்கும் கருவி) அங்கே பதிந்த எண்களை வைத்து விகிதம் எடுப்பார்கள். சென்சார் வருடாவருடம் மங்குகிறதா என்று பார்க்க அருமையான இடம். அந்த விகிதத்தை அப்படியே மாமரத்துக்குக் கொண்டுவந்தால்தான் வம்பு. மணலின் எதிரொளிப்பு சிவப்பிலிருந்து அகச்சிவப்புக்கு மெல்ல ஏறும். இலையினுடையதோ 700 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி விர்ரென்று எகிறும். அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு சென்சாரின் பட்டையும் (அது அளக்கும் அலைநீள வரம்பு) ஒவ்வொரு துண்டைப் பிடிக்கிறது. சென்டினலில் 8-ஆம் பட்டை அகலம், படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். 8ஏ குறுகல், 20 மீட்டர். லேண்ட்சாட்டோடு ஒத்துப்போவது 8ஏ. கூர்மைக்கு ஆசைப்பட்டு 8-ஐ எடுக்கிறவர்கள்தான் அதிகம், நானும் எடுத்தவன்தான்.

இரண்டாவது வழி, இரண்டும் ஒரே நாளில் நம் ஊரைக் கடக்கும்போது பிடிப்பது. இரண்டுமே காலை பத்து, பத்தரை வாக்கில் வருகின்றன. அதே இலை, ஏறக்குறைய அதே வெயில். 2021 நவம்பரில் லேண்ட்சாட் 9-ஐ 8-க்குக் கீழே பறக்கவிட்டு ஒப்பிட்டதும் இதே யோசனைதான். ஒப்பிட, கே.ஆர்.பி. அணைத் தண்ணீர் இருட்டுக்கு, கிரானைட் குவாரி வெளிச்சத்துக்கு, நடுவில் மாந்தோப்பு. என் ஓட்டு இதற்கே. மேகமில்லாத ஜோடி நாள் கிடைப்பதுதான் கஷ்டம்.

மூன்றாவது, லேண்ட்சாட்டையும் சென்டினலையும் நாசா இணக்கிக் கொடுக்கும் எச்.எல்.எஸ். படத்தொகுப்பு. பட்டை வித்தியாசம், பார்க்கும் கோணம் எல்லாம் திருத்தியே வரும். கட்டம் 30 மீட்டர், ஏக்கருக்கு நாலரைதான் தேறும். சின்னத் தோப்பென்றால் பக்கத்துத் தக்காளியும் கலந்துவிடும். நம் நாட்டு ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள் அதில் இல்லை, அதற்கு இரண்டாவது வழியேதான்.

அப்புறம், 2022 ஜனவரி 25 முதல் சென்டினல் மூலப்படத்தின் எண்களில் 1000 கூட்டியே வருகிறது, அதைக் கழித்துவிட்டே கணக்குப் போட வேண்டும். எச்.எல்.எஸ். எடுத்தால் அந்தக் கவலை இல்லை. மூலப்படத்தை எடுத்த நான் கழிக்க மறந்தேன். பசுமை எண் 0.79 காட்ட வேண்டிய தோப்பு 0.53 காட்டியது. தோப்புக்காரருக்குப் போன் போட்டு, “என்னங்கண்ணா, தண்ணி விடலையா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.