கேம் கியருக்குச் சத்தம் திரும்பிய கடை

1993-ல் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த சேகா கேம் கியர் என்ற கையடக்க வீடியோ கேம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறு பேட்டரி போட்டால் படம் வரும், சத்தம்தான் வராது. வால்யூமை முழுக்க வைத்துக் காதோடு ஒட்டிக் கேட்டால், கேமில் சோனிக் வளையம் எடுக்கும் சத்தம் கொசு ரீங்காரம் மாதிரி எங்கோ கேட்கும்.

முதலில் கொடுத்த கடையில் ஸ்பீக்கர் போய்விட்டது என்று 400 ரூபாய்க்குப் புதுசு போட்டார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம்தான் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டிருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. "ஹெட்ஃபோன் இருக்கா தம்பி? சொருகிக் கேளுங்க" என்றார். அதிலும் அதே முனகல். "ரெண்டுலயும் கம்மியா வந்தா ஸ்பீக்கர் மேல தப்பில்ல. ஹெட்ஃபோன்ல நல்லா வந்து வெளியில வரலைன்னாதான் ஸ்பீக்கர், ஜாக் எல்லாம் பாக்கணும். வால்யூம் சக்கரத்தைத் திருகுறப்ப கரகரன்னா அது அழுக்கு." அந்த அரை நிமிஷத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

உள்ளே மூன்று போர்டுகள். சத்தத்துக்கென்று இருக்கும் சின்ன போர்டில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களுக்கு அடியில் ஈரப்பிசுக்கு. அந்தக் காலத்துக் கெபாசிட்டர்கள் வயதானால் உள்ளே இருக்கும் திரவத்தைக் கசியவிட்டு, போர்டில் மின்சாரம் ஓடும் செம்புத் தடத்தையே அரித்துவிடுமாம். சால்டரிங் அயர்னை வைத்ததும் கருவாட்டு வாடை குப்பென்று வந்தது. எல்லாவற்றையும் கழற்றி, ஆல்கஹாலில் பிரஷ் போட்டுத் தேய்த்து, அரித்துப்போன ஒரு தடத்துக்குத் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியால் பாலம் போட்டார். பிளஸ், மைனஸ் மாறாமல் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்துத்தான் புதுசை வைத்தார்.

கூலி 1,200 ரூபாய். கழற்றிய கெபாசிட்டர்களையும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். நாலு நாளில் தருகிறேன் என்றவர் தந்தது பன்னிரண்டாம் நாள். போனும் எடுக்க மாட்டார். அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் வேலை சுத்தம். ஸ்பீக்கரில் மோனோதான், ஹெட்ஃபோன் போட்டால் இடது வலது பிரிந்து வருகிறது. முப்பது வருஷமாக என் கையில் இருந்தும் நான் அதைக் கேட்டதே இல்லை.

போகிறவர்கள் ஹெட்ஃபோனும் ஒரு கேம் கார்ட்ரிட்ஜும் கொண்டுபோங்கள், அவரிடம் இரண்டும் கிடையாது. மற்ற இரண்டு போர்டுகளிலும் இருப்பது அதே வகைக் கெபாசிட்டர்தான், திறந்த கையோடு அதையும் மாற்றச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. இப்போது திரை மங்க ஆரம்பித்திருக்கிறது, அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறேன்.