மொட்டை மாடிச் சூடு: சுண்ணாம்பா, கூல் ரூஃப் பெயிண்டா, தட்டோடா?

மேல்மாடி வீட்டில் கரண்ட் பில் எகிறினால் ஏ.சி.யை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும், கம்ப்ரஸர் ஓய்வெடுக்காது. முதலில் தளத்தைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் பழக்கமானது வெதரிங் கோர்ஸ். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சராசரி 3 அங்குலக் கனத்துக்குப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துக் கட்டையால் அடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். நீர்வாட்டமும் அதிலேயே அமைந்துவிடும். மழைக்கு இது நல்ல காவல். வெயில் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு: சிவப்பு ஓடு வெயிலை நிறையவே உள்வாங்கும், அடியில் உள்ள கனம் அந்தச் சூட்டைத் தாமதப்படுத்தும். தணிந்துதான் இறங்கும் என்றாலும், நாம் படுக்கும் நேரத்தில் இறங்கும். எடையும் சதுர அடிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ. அந்தப் பாரத்தைக் கணக்கில் எடுக்காமல் போட்ட பழைய தளத்தில், பொறியாளரைக் கேட்காமல் இதை ஏற்றவே கூடாது.

வெள்ளைப் பூச்சு சூட்டை உள்ளே விடுவதற்கு முன்பே திருப்பி அனுப்புகிறது. பில்லைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இதுவே சரியான வழி.

வாடகை வீடு என்றால் சுண்ணாம்பு போதும். கிளிஞ்சல் சுண்ணாம்பை இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து, தளத்தை நனைத்துவிட்டு மாலையில் அடியுங்கள். மெல்லிசாக மூன்று கோட். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் காலில் மாவாக ஒட்டி வரும். ஐப்பசி மழையில் பெரும்பாலும் கரைந்துவிடும்; வருடா வருடம் அடிக்க வேண்டும். முதல் மழை நீரை மழைநீர்த் தொட்டிக்குள் விடாதீர்கள்.

சொந்த வீட்டுக்குக் கூல் ரூஃப் பெயிண்ட், அதாவது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட். 1000 சதுர அடிக்கு இரண்டு கோட் அடிக்க 40 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும். சொரசொரப்பான தளம் இன்னும் குடிக்கும். இந்தப் பெயிண்ட் உரிந்துபோவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். அடிப்பதற்கு முன், இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைத் தளத்தின் மேல் விரித்து, நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் காய வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் சித்திரை வெயிலில் கொப்புளம் கிளம்பும். விரிசலை உளியால் வி வடிவில் திறந்து, பாலிமர் கலவை அடைத்து, காய்ந்த பிறகே பிரைமர். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையிலும் அரையடி உயரத்துக்கு ஏற்றி அடிக்கச் சொல்லுங்கள். மேஸ்திரிகள் அவசரத்தில் விட்டுவிடும் இடம் அதுதான்.

வெள்ளை கூல் டைல்ஸ் நீடித்து உழைக்கும், கழுவுவதும் எளிது. ஆனால் செலவு அதிகம், மழையில் வழுக்கும். அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு இல்லாமல் பதித்தால் இணைப்பு வழியே இறங்கும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க டைல்ஸைப் பெயர்க்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே தட்டோடு உறுதியாக இருந்தால் பெயர்க்க வேண்டாம். பாசியைத் தேய்த்துக் கழுவி, இணைப்புகளைப் பூசி, அதன் மேலேயே வெள்ளை அடிக்கலாம். பிறகு ஒவ்வொரு மாசியிலும் தூசு போகக் கழுவிவிட வேண்டும். அழுக்கேறிய வெள்ளைக்கு வெயிலைத் திருப்பும் சக்தி குறைந்துவிடும்.