திங்கட்கிழமை ‘டெல்லி தரிசனம்’ பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள்

டெல்லிக்குக் குடும்பத்தோடு போக இருப்பவர்கள், முக்கியமாக வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். போன மாதம் எங்களுக்கு நடந்தது இது. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அப்பாவுக்கு ஒரு முழு நாள் போய்விட்டது. அதுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

அப்பா அரசுப் பள்ளியில் 31 வருடம் சமூக அறிவியல் வாத்தியார். செங்கோட்டையைப் பற்றி எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று கணக்கே கிடையாது. ஷாஜகான் தலைநகரை ஆக்ராவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதற்காக 1638-இல் கட்டத் தொடங்கி 1648-இல் முடித்தது, 1739-இல் நாதிர் ஷா வந்து மயிலாசனத்தைத் தூக்கிக்கொண்டு போனது, கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவை அவருடைய அரண்மனைக்குள்ளேயே வைத்து விசாரித்தது என்று எல்லாமே அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் முழங்கால் ஆபரேஷன் ஆனது. “நடக்க முடியும்போதே பார்த்துடணும்மா” என்று அவர் சொன்னதால்தான் இந்தப் பயணமே.

ஞாயிறு ராத்திரி டெல்லி, திங்கள் டெல்லி சுற்றல், செவ்வாய் ஆக்ரா, புதன் ராத்திரி திரும்பும் விமானம். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது தெரியும், அதனால் அதற்குத் தோதாக நாள் பார்த்தேன். டெல்லியில் திங்கட்கிழமை என்ன என்று பார்க்கவில்லை. நான் செய்த தப்பு அது ஒன்றுதான். அந்த ஒரு தப்பை வைத்துக்கொண்டு எங்களை எப்படி ஏமாற்றினார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கரோல்பாக்கில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்திருந்தோம். ஞாயிறு ராத்திரி சாவி வாங்கும்போதே வரவேற்பில் இருந்தவர் ஒரு வழவழப்பான அட்டையை நீட்டினார். “நாளைக்கு முழு டெல்லியும் பார்த்துடலாம் மேடம். ஏசி பஸ், இங்கிலீஷ் பேசற கைடு, 12 இடம்.” செங்கோட்டை, ஜும்மா மசூதி, இந்தியா கேட், போர் நினைவுச் சின்னம், பார்லிமென்ட், ராஷ்டிரபதி பவன், பிர்லா மந்திர், இந்திரா காந்தி நினைவகம், குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம். ஒவ்வொன்றுக்கும் சின்னச் சின்னப் படம். தலைக்கு 700 ரூபாய், நுழைவுக் கட்டணம் என்று தனியாக 300. நாங்கள் ஐந்து பேர். ஒன்பது வயது மகளுக்கும் சேர்த்து 5,000 ரூபாய் கட்டினேன். கூகுள் பே செய்தபோது கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அப்போதே உறுத்தியது. அப்பா ஆசையாக அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் விட்டுவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு வரவேண்டிய பஸ் ஒன்பதேகாலுக்கு வந்தது. ஏசி ஓடவில்லை. கைடு இந்தியில் மட்டும்தான் பேசினார். சரி, இதெல்லாம் போகட்டும்.

முதலில் பிர்லா மந்திர். 1939-இல் எல்லாச் சாதியினரையும் உள்ளே விடவேண்டும் என்ற நிபந்தனையோடு காந்தி திறந்துவைத்த கோயில் அது. அங்கே அரை மணி நேரம் கொடுத்தார்கள். அந்த நாளிலேயே ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு பஸ் நேராகப் போய் நின்றது ஒரு கடை வாசலில். ‘அரசு அங்கீகாரம் பெற்ற எம்போரியம்’ என்று பெரிய பலகை. “பதினைந்தே நிமிடம்” என்றார் கைடு. வெளியே வர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. பஸ்ஸைப் பூட்டிவிட்டு டிரைவரும் கைடும் உள்ளே போய்விட்டார்கள், வெயிலில் நிற்க முடியாமல் எல்லாரும் கடைக்குள் போகத்தான் வேண்டியிருந்தது. அம்மாவை உட்கார வைத்து, டீ கொடுத்து, “அம்மாஜி, அம்மாஜி” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே 3,200 ரூபாய்க்கு ஒரு பஷ்மினா (காஷ்மீர் ஆட்டு ரோமத்தில் நெய்வது) சால்வையைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தபிறகு அந்தச் சால்வையின் ஓரத்தில் தொங்கிய நூல் ஒன்றைக் கிள்ளி நெருப்பில் காட்டினேன். சுத்தமான கம்பளி நூல் என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், விரலால் நசுக்கினால் சாம்பலாக உதிரும். இது சுருண்டு உருகி, நுனியில் கடுகு அளவுக்குக் கறுப்பாக ஒரு உருண்டை நின்றது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், உடையவில்லை. பிளாஸ்டிக் நாற்றம். கையால் நூற்று நெய்த அசல் பஷ்மினா அந்த விலைக்கு வரவே வராது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. பத்திரமாக மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறார்.

கடையை முடித்துக்கொண்டு செங்கோட்டைக்குப் போகும்போது மணி பன்னிரண்டரை. பஸ் சாலைக்கு எதிர்ப்புறம் நின்றது. எல்லாரும் இறங்கினோம். கைடு பஸ் படியில் நின்றபடியே சொன்னார், “ஆஜ் மண்டே ஹை, பந்த் ஹை. ஃபோட்டோ லேலோ, தஸ் மினிட்.” திங்கட்கிழமை, மூடியிருக்கிறது, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம்.

அப்பாவுக்கு இந்தி தெரியாது. ‘பந்த்’ என்ற வார்த்தை மட்டும் புரிந்திருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் போய்க் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூரத்தில் லாகூர் வாசல், மேலே கொடி. கொஞ்ச நேரம் கழித்து என் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, “நேரு இங்க கொடி ஏத்தினது ஆகஸ்ட் 15 இல்லடா கண்ணு, 16. பரீட்சையில நிறையப் பேர் தப்பா எழுதுவாங்க” என்றார். வகுப்பில் சொல்கிற அதே குரல். அதற்குள் கைடு விசில் ஊத ஆரம்பித்துவிட்டார்.

பஸ்ஸில் ஏறிக் கைடிடம் சண்டை போட்டேன். “ஹோட்டல்காரர் சொல்லியிருக்க வேண்டும்” என்றார். அப்போதுதான் அட்டையை எடுத்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், இந்திரா காந்தி நினைவகம், இந்த நாலுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. வருடம் முழுக்க இருக்கிற வாராந்திர விடுமுறை, தினமும் இதே தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள். பார்லிமென்டும் ராஷ்டிரபதி பவனும் ஜன்னல் வழியாக. ஜும்மா மசூதி பஸ்ஸிலிருந்து கோபுர நுனி. போர் நினைவுச் சின்னத்துக்கு இறங்க விடவில்லை. இந்தியா கேட்டில் கால் மணி நேரம். நடுவில் அவர்கள் காட்டிய ஓட்டலில் சாப்பாடு, அதற்குப் பிறகு இன்னொரு கடை, அங்கே ஒரு மணி பத்து நிமிடம்.

குதுப் மினாருக்கு வரும்போது மாலை நாலே முக்கால். “25 நிமிடம்.” கிட்டத்தட்ட 73 மீட்டர் உயரக் கோபுரத்தைச் சுற்றி அத்தனை பெரிய வளாகம், முழங்கால் ஆபரேஷன் ஆன மனிதர். அப்பா கோபுரத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் நேராக இரும்புத் தூணைப் பார்க்கத்தான் நடந்தார். 1,600 வருடமாகத் துருப்பிடிக்காமல் நிற்கிற தூண், அதில் பிராமி எழுத்தில் சந்திரன் என்ற அரசனைப் பற்றிய பொறிப்பு. வேலிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், நேரம் முடிந்தது. ஹுமாயூன் கல்லறை? “டைம் இல்லை.” 12 இடத்தில் நாங்கள் காலை ஊன்றிப் பார்த்தது மூன்று. இரண்டு கடைகளில் இருந்தது மூன்று மணி நேரம்.

அந்த 300 ரூபாய் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் நுழைவுக் கட்டணமே கிடையாது. பிர்லா மந்திர், இந்தியா கேட், போர் நினைவுச் சின்னம், தாமரைக் கோயில் எல்லாம் இலவசம். அக்ஷர்தாமில் கோயிலுக்குள் போக இலவசம், கண்காட்சிக்கு மட்டும்தான் டிக்கெட். குதுப் மினாருக்கு இந்தியர்களுக்கு 50 ரூபாய்க்கும் குறைவு. தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு டிக்கெட்டே தேவையில்லை. என் மகளுக்கும் 300 வாங்கினார்களே, அது எதற்கு?

ராத்திரி வரவேற்பில் கேட்டேன். “நாங்க புக்கிங் மட்டும்தான், கம்பெனியைக் கேளுங்க.” கம்பெனி எண்ணில் ஒருவர், “கார்டோட பின்பக்கம் படிங்க” என்று வைத்துவிட்டார். திருப்பிப் பார்த்தால், இடங்கள் மாறுதலுக்கு உட்பட்டவை என்று எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது.

புதன்கிழமை காலையில் ஆக்ராவிலிருந்து திரும்பியதும் பெட்டிகளை ஸ்டேஷன் லக்கேஜ் அறையில் போட்டுவிட்டு நாங்களே செங்கோட்டைக்குப் போனோம். மெட்ரோவில் ஊதா தடத்தில் ‘லால் கிலா’ என்றே ஸ்டேஷன் இருக்கிறது. மேலே ஏறி வந்தால் எதிரில் கோட்டைச் சுவர். ஆன்லைனில் டிக்கெட், வாசலில் கியூஆர் காட்டி உள்ளே போய்விட்டோம். லாகூர் வாசல் தாண்டினால் சத்தா சௌக், கூரை போட்ட பழைய கடைவீதி, அப்புறம் நகரா மண்டபம், மன்னர் பொதுமக்களைச் சந்தித்த திவான்-இ-ஆம். அப்பா அந்தச் சிவப்புக் கல் தூண்களில் ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். யாரும் விசில் ஊதவில்லை. 1945-இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ (ஐஎன்ஏ) வீரர்களை இந்தக் கோட்டையில்தான் விசாரித்தார்கள் என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் ஹுமாயூன் கல்லறை இந்த முறையும் பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை அது திறந்துதான் இருந்தது.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்கு டெல்லியில் திங்கட்கிழமைதான் கிடைக்கிறது என்றால் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, ஜும்மா மசூதி, இந்தியா கேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜும்மா மசூதியில் தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குதுப் மினாருக்கு மஞ்சள் தடத்தில் அதே பெயரில் ஸ்டேஷன் இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ. வயதானவர்கள் கூட இருந்தால் நாள் வாடகைக்கு ஒரு டாக்ஸி பேசுங்கள், கடைக்கு நிறுத்தக்கூடாது என்று ஏறும் முன்பே கறாராகச் சொல்லிவிடுங்கள். கைவினைப் பொருள் வாங்க ஆசை என்றால் கனாட் பிளேஸ் பக்கம் பாபா கரக் சிங் மார்க்கில் மாநில அரசுகளின் எம்போரியங்கள் வரிசையாக இருக்கின்றன, நம்ம பூம்புகாரும் அங்கே உண்டு. ‘அரசு அங்கீகாரம்’ என்று பலகை வைத்த தனியார் கடை வேறு, அரசுக் கடை வேறு. அதேபோல கனாட் பிளேஸைச் சுற்றி ‘டூரிஸ்ட் ஆபீஸ்’ என்று பலகை மாட்டிய தனியார் ஏஜென்சிகள் நிறைய. மத்திய சுற்றுலாத் துறையின் அலுவலகம் ஜன்பத் சாலையில் 88-ஆம் எண்.

ஏதாவது சிக்கல் என்றால் சுற்றுலா உதவி எண் 1363, எந்த நேரமும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசலாம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். நான் அதில்தான் பதிவு செய்திருக்கிறேன். ரசீது என்று எதுவும் தராததால் கூகுள் பே விவரம், அட்டையின் இரண்டு பக்கப் படம், பஸ் எண், கடையில் நின்ற நேரத்தைக் காட்டும் போட்டோக்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். புகார் எண் வந்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே எழுதுகிறேன்.