கோர்ட் ஆர்டர்டு சேல்ல ஒரு வீட்ட விட்டோம், ஒரு வீட்ட வாங்கினோம்: எங்க ரியல்டர் அக்கா சர்வீஸ் ரிவ்யூ

வான்கூவர் சுத்துவட்டாரத்துல வீடு தேடறவங்க எம்எல்எஸ்ங்கற வீடு விக்கற லிஸ்டிங்ல "கோர்ட் ஆர்டர்டு சேல்"னு ஒரு வரிய கண்டிப்பா பாத்திருப்பீங்க, அதாவது ஓனர் கடன கட்டாததால கோர்ட் வழியா விக்கற வீடு. போட்டோ நாலு தான் இருக்கும், அதுவும் இருட்டா இருக்கும், விலை மட்டும் பக்கத்து யூனிட்ட விட கொஞ்சம் கம்மியா தெரியும். அத பாத்து தான் நாங்களும் உள்ள போனோம். சர்ரேல ரெண்டு காண்டோவுக்கு ஆஃபர் போட்டு முதல் ஒண்ணு கைய விட்டு போச்சு, ரெண்டாவதுல இப்ப குடி இருக்கோம். ரெண்டாவது தடவ எங்க கூட இருந்த ரியல்டர் அக்காவுக்காக தான் இந்த ரிவ்யூ. பேர் போட வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, அதனால அக்கான்னே எழுதறேன்.

முதல்ல இது எப்படி நடக்குதுன்னு சொல்லிடறேன், ஏன்னா எங்களுக்கு இத யாரும் முழுசா சொல்லல. ஒன்டாரியோல இருக்கற சொந்தக்காரங்க கிட்ட கேட்டா "பவர் ஆஃப் சேல் தானே, சாதாரண வீடு மாதிரி தான்"னு சொல்வாங்க, அங்க பெரும்பாலும் கடன் குடுத்த லெண்டர் கோர்ட்டுக்கு போகாமலே வித்துடலாம். பிரிட்டிஷ் கொலம்பியால, அதாவது எங்க பிசில, அப்படி கிடையாது, எல்லாம் மாகாண சுப்ரீம் கோர்ட் வழியா தான். லெண்டர் பெட்டிஷன் போடுவாங்க, கோர்ட் ஆர்டர் நைசைன்னு ஒண்ணு குடுக்கும், அதுல கடன் எவ்வளவுன்னும் ஓனர் அத கட்டி வீட்ட மீட்க எவ்வளவு டைம்னும் இருக்கும், வழக்கமா 6 மாசம். அதுக்கப்புறம் லெண்டருக்கு வீட்ட விக்கற பொறுப்பு கோர்ட் மூலமா கிடைக்கும், அப்ப தான் லிஸ்டிங் வரும். நீங்க ஆஃபர் போடறீங்க, லெண்டர் அக்செப்ட் பண்றாங்க, சப்ஜெக்ட், அதாவது லோன், இன்ஸ்பெக்ஷன் மாதிரி கண்டிஷன் எல்லாம் ரிமூவ் பண்றீங்க, ஆனா வீடு இன்னும் உங்களோடது இல்ல. ஜட்ஜ் அப்ரூவ் பண்ணணும். அந்த ஹியரிங் அன்னைக்கு வேற யார் வேணா சீல் பண்ண கவர்ல போட்டி ஆஃபர் கொண்டு வரலாம்.

இதுல எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. உங்க அக்செப்ட் ஆன விலை கோர்ட் பேப்பர்ல வந்துடும், போட்டிக்கு வரவங்க எல்லாருக்கும் அது தெரிஞ்சிடும். அவங்க விலை மட்டும் உங்களுக்கு தெரியாது. அதாவது நீங்க முதல்ல போடற நம்பர் மத்தவங்களுக்கு ஒரு ஆரம்ப புள்ளி, நிஜமான ஆஃபர் ஹியரிங் அன்னைக்கு கவர்ல போறது தான். இந்த ஒரு விஷயத்த முதல் ரியல்டர் எங்களுக்கு சொல்லியிருந்தா நாங்க அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டோம்.

முதல் காண்டோவுக்கு 512,000 டாலர் பேசி அக்செப்ட் ஆச்சு, இன்ஸ்பெக்ஷன், அப்ரைசல்ங்கற விலை மதிப்பீடு எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 900 டாலர் செலவு பண்ணி ஸ்ட்ராட்டா மினிட்ஸ், அதாவது பில்டிங் சங்கத்தோட கூட்ட குறிப்பு எல்லாம் உக்காந்து படிச்சு, குழந்தைகளுக்கு எந்த ரூம்னு கூட பிரிச்சாச்சு. அப்ப இருந்த ரியல்டர் "இது சும்மா ஃபார்மாலிட்டி, கோர்ட்ல ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி அவர் ஹியரிங்குக்கு வரவே இல்ல. நாங்க நியூ வெஸ்ட்மின்ஸ்டர் கோர்ட்டுக்கு போய் பாத்தா அதே வீட்டுக்கு இன்னும் மூணு பார்ட்டி கவரோட நிக்கறாங்க. நம்ம விலையையும் அந்த நேரத்துல திருத்தி குடுக்கலாம்னே எங்களுக்கு அங்க போய் தான் தெரிஞ்சுது, அதுவும் ஒரே ஒரு வாய்ப்பு தான், ஏலம் மாதிரி மேல மேல கேக்க முடியாது. வராண்டால நின்னு பதட்டத்துல 520,000னு எழுதி குடுத்தோம். 531,000 போட்டவங்களுக்கு போச்சு. எங்க டெபாசிட் திரும்ப வந்துடுச்சு, 900 டாலரும் ரெண்டு மாசமும் வரல.

அதுக்கப்புறம் தான் ஒரு ஃப்ரெண்ட் மூலமா அக்கா கிடைச்சாங்க. முதல் போன்லயே எங்க கதைய கேட்டுட்டு, "ஏம்மா, நீங்க ஏன் முதல்ல போறீங்க? வேற யாரோட ஆஃபராவது அக்செப்ட் ஆகி ஹியரிங் தேதி விழட்டும், நாம கவரோட போவோம்"னாங்க. கேக்க ஈஸியா இருக்கு, ஆனா அதுல வேலை அதிகம். போட்டி ஆஃபர்ல ஒரு கண்டிஷனும் வைக்க முடியாது. லோன் கிடைச்சா வாங்கறேன், இன்ஸ்பெக்ஷன் பாத்துட்டு சொல்றேன்னு எல்லாம் பேச்சே இல்ல, அதனால எல்லாத்தையும் ஹியரிங்குக்கு முன்னாடியே முடிச்சுட்டு போகணும், அப்படி முடிச்சும் வீடு கிடைக்காம போகலாம். ப்ரீ அப்ரூவல் லெட்டர நம்பி போகாதீங்கன்னு அக்கா கண்டிப்பா சொன்னாங்க, ஏன்னா அது உங்க சம்பளத்துக்கு குடுத்தது, இந்த குறிப்பிட்ட வீட்டுக்கு குடுத்தது இல்ல. கோர்ட் அப்ரூவ் பண்ணி அப்புறம் லோன் வரலன்னா டெபாசிட் போயிடும். லிஸ்டிங் ஏஜெண்ட் கிட்ட விடாம பேசி ஹியரிங்குக்கு பத்து நாள் முன்னாடியே அப்ரைசருக்கு வீட்ட தொறந்து விட வச்சாங்க. செட்யூல் ஏ அப்படின்னு ஒரு பேப்பர் இருக்கு, நம்ம வழக்கமான கான்ட்ராக்ட்ல இருக்கற பாதி பாதுகாப்ப அது எடுத்துடும், அதையும் மார்ட்கேஜ் ப்ரோக்கர் கிட்ட முன்னாடியே அனுப்பி லெண்டர் சரின்னு சொல்ற வரைக்கும் விடல.

அந்த செட்யூல் ஏ பத்தி நிதானமா படிங்க. வீடு இருக்கற நிலைமைலயே தான், எதுக்கும் கேரன்டி கிடையாது, வீட்டுல என்ன குறைன்னு சொல்ற ப்ராப்பர்ட்டி டிஸ்க்ளோஷர் பேப்பர் வராது ஏன்னா விக்கறது அங்க குடி இருக்காத லெண்டர். ஃப்ரிட்ஜ் ஸ்டவ் எல்லாம் நீங்க பாக்க போன அன்னைக்கு இருந்தது சாவி வாங்கற அன்னைக்கு இருக்கும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எங்களுக்கு வாஷரும் ட்ரையரும் போயிருந்துச்சு, கூடவே ரெண்டு ரூம்ல லைட்டும். அக்கா இதுக்கு முன்கூட்டியே 5,000 டாலர் ஒதுக்கி வச்சுக்க சொல்லியிருந்தாங்க, அது கிட்டத்தட்ட சரியா போச்சு. 2023 ஜனவரிலேர்ந்து பிசில வீடு வாங்கறவங்களுக்கு 3 பிசினஸ் டே குள்ள மனசு மாறலாம்னு ஒரு சட்டம் இருக்குல்ல, விலைல 0.25 சதவீதம் கட்டிட்டு வெளிய வரலாம்னு, அது கோர்ட் சேலுக்கு பொருந்தாது. ப்ராப்பர்ட்டி ட்ரான்ஸ்ஃபர் டாக்ஸும் எல்லா வீட்டுக்கும் போலத் தான், முதல் 200,000க்கு 1 சதவீதம், அதுக்கு மேல 2 மில்லியன் வரைக்கும் 2 சதவீதம், கோர்ட் சேல்னு தள்ளுபடி எதுவும் இல்ல. ஒரு நல்லது என்னன்னா டைட்டில், அதாவது வீட்டோட உரிமை. பழைய மார்ட்கேஜ், அதுக்கு பின்னாடி நிக்கற கடன்காரங்க, பாக்கி ஸ்ட்ராட்டா ஃபீ எல்லாம் விக்கற பணத்துக்குள்ளயே தீரணும், கோர்ட் ஆர்டர்ல டைட்டில் நம்ம பேருக்கு சுத்தமா வருது. அந்த ஆர்டர வரி வரியா செக் பண்ண நல்ல லாயர் வேணும், அக்கா சொன்ன லாயர் அத பண்ணாங்க.

இப்ப ஹியரிங் நாள். அக்செப்ட் ஆன விலை 486,000னு எங்களுக்கு தெரியும். முந்தின நாள் ராத்திரி அக்கா எங்க வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து அந்த பில்டிங்ல கடைசியா வித்த யூனிட் எல்லாம் காட்டி, பிசி அசெஸ்மென்ட் விலைய நம்பாதீங்க அது போன ஜூலை 1 நிலவரம்னு சொல்லி, "எந்த விலைக்கு இது வேற ஆளுக்கு போனா உங்களுக்கு வருத்தம் வராதோ அந்த விலைய இப்பவே எழுதுங்க, கோர்ட் வாசல்ல யோசிக்காதீங்க"னாங்க. என் வீட்டுக்காரர் 500,000னு சொன்னார், நான் 505,000னு சொன்னேன், கடைசில 503,350னு எழுதினோம். ரவுண்டா எழுதினா அதே நம்பர இன்னொருத்தரும் எழுதியிருப்பாங்கன்னு தான் அந்த 350. மறுநாள் மொத்தம் மூணு கவர். முதல் ஆஃபர் போட்டவங்க 499,900க்கு ஏத்தியிருந்தாங்க, இன்னொருத்தர் 495,000. ஜட்ஜ் பேப்பர எல்லாம் பாத்து எங்களுக்கு அப்ரூவ் பண்ணி முடிக்க பத்து நிமிஷம் கூட ஆகல. டெபாசிட்டுக்கு பேங்க் ட்ராஃப்ட் கைல இருந்துச்சு, அதையும் ஒரு நாள் முன்னாடியே எடுத்து வைக்க சொன்னது அக்கா தான். அன்னைக்கு நாங்க தோத்திருந்தா அவங்களுக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது, இருந்தும் அரை நாள் எங்க கூட நின்னாங்க.

இன்னொன்னு சொல்லணும். அந்த ரூம்ல கடைசி பெஞ்ச்ல வீட்டு ஓனர் உக்காந்திருந்தார். 2022 மார்ச் ஆரம்பத்துல 0.25 சதவீதமா இருந்த பேங்க் ஆஃப் கனடா ரேட் 2023 ஜூலைல 5 சதவீதம் ஆச்சு, அந்த ஏத்தத்துல மாட்டினவர்னு அங்க பேசிக்கிட்டாங்க. ஜட்ஜ் அவர் கிட்ட ஏதாவது சொல்லணுமான்னு கேட்டாங்க, காலி பண்ண இன்னும் கொஞ்சம் நாள் வேணும்னு மட்டும் கேட்டார். எங்க லாயர் எங்கள திரும்பி பாத்தாங்க, நாங்க ரெண்டு பேருமே தலைய ஆட்டினோம், வீடு எங்க கைக்கு வர்ற பொசஷன் தேதி பத்து நாள் தள்ளி போச்சு. அப்ரூவ் ஆகற வரைக்கும் அவர் எப்படியாவது கடன கட்டியிருந்தா வீடு அவருக்கே போயிருக்கும், எங்க செலவெல்லாம் வீணாயிருக்கும், அதையும் தெரிஞ்சு தான் உள்ள வரணும். வாஷர எடுத்துட்டு போனதுக்கு எனக்கு அவர் மேல கோவம் வரல.

ரேட்டிங்னா அக்காவுக்கு 5க்கு 5, லாயருக்கும் 5. லெண்டர் வச்ச லிஸ்டிங் ஏஜெண்டுக்கு 2 தான், ஹியரிங் தேதி மாறினத எங்களுக்கு சொல்லவே இல்ல, அக்கா தினமும் கோர்ட் லிஸ்ட்ட செக் பண்ணதால தப்பிச்சோம். விலைய பொறுத்தவரைக்கும் பக்கத்து யூனிட்ட விட ஒரு 20,000 கம்மிக்கு வாங்கியிருப்போம், ரிப்பேர் போக அது 14,000. பாதி விலைக்கு கிடைக்கும்னு சொல்றவங்கள நம்பாதீங்க, கோர்ட் அப்ரைசல பாத்து தான் அப்ரூவ் பண்ணும்.

அடுத்த வருஷம் தங்கச்சி கால்கரிலேர்ந்து இங்க வரா, அவளுக்கும் அக்கா நம்பர குடுத்திருக்கேன். ஆனா வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் குடுத்துட்டு தேதி ஃபிக்ஸ் ஆயிடுச்சுன்னா கோர்ட் சேல் பக்கம் போகாதன்னு சொல்லிட்டேன், எங்க ஹியரிங் ரெண்டு தடவ தள்ளி போச்சு, சின்ன குழந்தைய வச்சுக்கிட்டு அவ எங்க போய் தங்குவா.