வயலும் மலையும் தறியில்: கோரையா, நூலா, பழஞ்சேலையா?

சேரன்மாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும்போது ரயில் ஜன்னலில் கீழே நெல்வயல், நடுவில் பனைவரிசை, மேலே நீலமாக மலை. இந்தக் காட்சியைத் தரைவிரிப்பாக நெய்ய ஆசைப்பட்டேன். எதைக்கொண்டு நெய்வது என்பதில்தான் குழப்பம்.

முதலில் கோரை. கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடை அதே வழியில்தான் இருக்கிறது. ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, மெலிதாகக் கீறி, பருத்திப் பாவில் (நீளவாட்டு இழைகளில்) ஊடையாக, அதாவது குறுக்கிழையாகக் கொடுத்து நெய்வார்கள். சாயமே போடாவிட்டாலும் ஒரே கோரையில் அடி ஒரு நிறம், நுனி ஒரு நிறம். அறுவடை முடிந்த வயலுக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் வேறெதிலும் கிடைக்காது. ஆனால் மலையின் நீலத்துக்குச் சாயம் வேண்டும். பாயின் அகலமும் கோரையின் நீளத்துக்கு மேல் போகாது. சாதாரணக் கோரைப்பாயை மடித்தால் ஒடியும், சுருட்டித்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது பவானி ஜமுக்காளம் போல முரட்டுப் பருத்தி நூல். அங்கே அகலமான விரிப்பென்றால் குழிக்குள் காலை இறக்கி நெய்யும் குழித்தறியில் இருவர் அருகருகே உட்கார்ந்து நெய்வார்கள். ஊடை பாவை மூடிவிடுவதால் பட்டை பட்டையாக நிறம் அழுத்தமாக விழும். வயல், பனை, மலை என்று அடுக்க இது வசதி. நீண்ட நாள் உழைப்பதிலும் இதற்குத்தான் முதலிடம். ஆனால் என் கண்ணுக்கு நிறங்கள் ரொம்பவே சீராக இருந்தன. வயல் அப்படியா இருக்கிறது?

அப்புறம்தான் பழந்துணிக்கு வந்தேன். அம்மாவின் பச்சைச் சுங்குடிச் சேலையை விரல் அகல நாடாக்களாகக் கிழித்து ஊடையாகக் கொடுத்தேன். முடிச்சுப் போட்டு விட்ட வெள்ளைப் புள்ளிகள் நெசவுக்குள் மடங்கி, ஓரிடத்தில் பாதியாக, ஓரிடத்தில் முழுசாக எட்டிப் பார்த்தன. தள்ளி நின்று பார்த்தால் பச்சை வயலில் கொக்கு! நான் திட்டமிட்டு அது வரவில்லை. சேலையின் வெளிறிய பக்கம் மேலே திரும்பிய இடமெல்லாம் வெயில் பட்ட வரப்பு மாதிரி இருந்தது. மலைக்குத் திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்: நீலத்திலேயே நான்கைந்து சாயல். பனியன் நாடாவை இழுத்துவிட்டால் ஓரம் தானாகச் சுருண்டு கயிறு போலாகிவிடும், பிசிறு தெரியாது. சேலை நாடாவில் பிசிறு நிற்கும், அதை நான் வெட்டுவதில்லை.

இதிலும் கவனம் வேண்டும். பருத்தியோடு பாலியஸ்டர் கலந்துவிட்டால் துவைத்தபின் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, விரிப்பின் ஓரம் நெளியும். அதனால் எல்லாத் துணியையும் முதலிலேயே வெந்நீரில் அலசிவிடுங்கள். சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

படுக்க என்றால் சித்திரை வெயிலுக்குக் கோரைதான், யோசிக்கவே வேண்டாம். கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு ஜமுக்காளம். நிலக்காட்சி நெய்ய நான் பழஞ்சேலையைத்தான் எடுப்பேன். பனைவரிசைக்கு மட்டும் சரியான கறுப்பு இன்னும் அமையவில்லை. அப்பாவின் பழைய குடைத்துணியைக் கிழித்து வைத்திருக்கிறேன்.