பெல்லட் அடுப்பு வாங்கப் போகிறீர்களா? என் 812 டாலர் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் தென்பகுதியில் வீடு வாங்கும் நம்மவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சாவி கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி, “வீட்டைச் சூடாக்குற எண்ணெய்ச் செலவு தாங்கல, பெல்லட் அடுப்பு வைக்கலாமா?” வைக்கலாம். நானும் வைத்திருக்கிறேன். அடுப்பின் மேல் எனக்குப் புகார் இல்லை, விற்றவர்கள் மேல்தான். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, இதே வேலையை வேறு கடையும் செய்யும்.

பார்த்திராதவர்களுக்கு: இது சமையல் அடுப்பு இல்லை, குளிரில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு. பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகள். அசப்பில் மாட்டுத் தீவனம் மாதிரியே இருக்கும். 40 பவுண்டு மூட்டையாக வரும், 50 மூட்டை ஒரு டன். அடுப்பின் முதுகில் உள்ள பெட்டியில் கொட்டிவிட்டால், ஆகர் என்கிற திருகுத்தண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தீக்குண்டத்தில் போடும். ஒரு விசிறி புகையை வெளியே தள்ளும், இன்னொன்று சூட்டை அறைக்குள் தள்ளும். எல்லாவற்றையும் ஒரு கன்ட்ரோல் போர்டு நடத்தும். இந்தப் போர்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2022-இல் எண்ணெய் கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியபோது பிடித்த பயம் எங்கள் வீட்டில் இன்னும் போகவில்லை. போன வருடம், 2025 செப்டம்பரில், கடைக்குப் போனோம். எங்கள் வீடு 1,400 சதுர அடி. விற்பனையாளர் காட்டியது 2,200 சதுர அடிக்கான 50,000 பிடியு அடுப்பு. (பிடியு என்பது ஒரு மணி நேரத்தில் அடுப்பு கொடுக்கும் சூட்டின் அளவு.) “பெரிசா வாங்குங்க, குறைச்சலா வச்சு ஓட்டலாம், மெஷினும் திணறாது” என்றார். கூடவே வரிச்சலுகை. 75 சதவீதமாவது வெப்பத்திறன் உள்ள அடுப்புக்குச் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் மத்திய அரசு கொடுத்துக்கொண்டிருந்தது. டிசம்பரோடு முடிகிறது என்று அவசரப்படுத்தினார். சலுகையும் உண்மை, கெடுவும் உண்மை. ஆனால் சின்ன அடுப்புக்கும் அதே சலுகைதான் என்பதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. (சலுகை 2025 டிசம்பரோடு போய்விட்டது. இப்போதும் அதைச் சொல்லி யாராவது விற்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.)

ஆழாக்கு அரிசிக்கு அண்டா வாங்கினேன்.

அக்டோபர் இரண்டாம் வாரம் வந்து பொருத்தினார்கள். அறையின் சூட்டைப் பார்த்து அடுப்பை ஏற்றி இறக்கும் தெர்மோஸ்டாட்டைச் சுவரில் வைக்கத் தனியாக 150 டாலர். தீயணைப்புத் துறையிலிருந்து வந்த ஆய்வாளர் சுவருக்கும் அடுப்புக்கும் இடைவெளி, புகைக்குழாய் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

முதல் ராத்திரி 68 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது 20 செல்சியஸில் வைத்துவிட்டுப் படுத்தோம். நடுராத்திரியில் இறங்கி வந்து பார்த்தால் கூடம் 86 டிகிரி. தெர்மோஸ்டாட்டை 60-க்கு இறக்கினேன். ‘டிக்’ என்று சத்தம் வந்தது. அடுப்பு அதுபாட்டுக்கு எரிந்தது. வேலூரிலிருந்து வந்திருந்த அம்மா சோபாவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, “இந்த வெக்கைக்கு நான் ஊர்லயே இருந்திருப்பேனேடா” என்றார். வெளியே 40 டிகிரி பாரன்ஹீட் குளிர், நாங்கள் சன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினோம். நாளுக்கு இரண்டு மூட்டை காலி. மூட்டை 7 டாலர்.

இடையில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் எரிச்சலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். புகையை வெளியே தள்ளும் விசிறியும் மின்சாரத்தில்தானே ஓடுகிறது? அதுவும் நின்றுவிட்டது. குண்டத்தில் கிடந்த பெல்லட் புகைந்து, புகை வீட்டுக்குள் வந்து, அலாரம் அலறி, அம்மா பயந்துபோனார். எவ்வளவு சூடானாலும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஆஃப் பட்டனை அழுத்துங்கள். தீனி நின்று, தீ அடங்கி, அடுப்பு ஆறும்வரை விசிறி ஓடி முடிக்கட்டும்.

கடைக்குப் போன் செய்தேன். முதல் முறை வந்த டெக்னீஷியன் அடுப்பின் பின்பக்கத்தைத் திறந்தார், மூடினார், “ஹை லிமிட் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது” என்றார். அடுப்பே அளவுக்கு மீறிக் கொதித்தால் தீனியை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் அது. அறை சூடாவது வேறு, அடுப்பு சூடாவது வேறு. அன்று எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 185 டாலர்.

பத்து நாள் கழித்து அவரே மறுபடி வந்தார். கன்ட்ரோல் போர்டு போய்விட்டதாம். பொருத்தி ஒரு மாதம் ஆகவில்லை, வாரண்டி இருக்கிறதே என்றேன். “கரண்ட் ஏறி இறங்கியதால் போனது, அது வாரண்டியில் வராது” என்றார். போர்டு 412, கூலி 215. பழைய போர்டைக் கையோடு எடுத்துப் போய்விட்டார். கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. கார்டில் கொடுத்தால் 3 சதவீதம் கூடுதல் என்றதால் செக் கொடுத்தேன். கார்டாக இருந்திருந்தால் வங்கியிடம் முறையிட்டிருக்கலாம். 18 டாலர் சொச்சத்தை மிச்சம் பிடிக்கப் போய் அதையும் இழந்தேன்.

போர்டு மாற்றிய அன்று ராத்திரி கூடம் 85 டிகிரி.

கரண்ட் விஷயத்துக்கு வாரண்டியில் என்ன போட்டிருக்கிறது என்று தேடத்தான் கையேட்டை முதல்முறையாக ஒழுங்காகப் பிரித்தேன். வாரண்டிப் பக்கத்துக்கு முன்னாலேயே, தெர்மோஸ்டாட் இணைக்கும் பக்கத்தில், தடித்த எழுத்தில் ஒரு வரி: ஜம்பர் கம்பியை அகற்றவும்.

விஷயம் இதுதான். போர்டில் தெர்மோஸ்டாட்டுக்கு என்று இரண்டு முனைகள் உண்டு. அவை ஒன்றோடொன்று இணைந்தால் ‘எரி’ என்று பொருள், பிரிந்தால் ‘போதும்’. தெர்மோஸ்டாட் இல்லாமலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதால், என் மாடலில் அந்த இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தே தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். தெர்மோஸ்டாட்டை மாட்டுபவர் அதைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் சுவரில் இருப்பது ‘போதும், போதும்’ என்று டிக்கிக்கொண்டே இருக்கும், கம்பி ‘எரி’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அடுப்பு கம்பியின் பேச்சைத்தான் கேட்கும்.

அடுப்பு ஆறியதும் பிளக்கை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு அங்குலக் கம்பி, அசையாமல் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது எதற்கென்றால், இது புதுப் போர்டு. பழையதிலிருந்து அந்தக் கம்பியைக் கழற்றி, கையில் பிடித்து, புதியதில் திருப்பி முடுக்கியிருக்கிறார் அந்த மனிதர். குற்றவாளியைக் கையில் வைத்துக்கொண்டே 412 டாலருக்குப் பில் போட்டிருக்கிறார்.

கம்பியை எடுத்தேன். 86 குறைந்து 76 ஆனது. 68 ஆகவில்லை. இங்கேதான் அண்டா விவகாரம் வருகிறது. என் அடுப்பை ‘ஹை-லோ’ முறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த முறையில் அறை போதுமான சூடு அடைந்தாலும் தீ அணையாது, குறைந்த அளவுக்கு இறங்கும், அவ்வளவுதான். என் மாடலில் அந்தக் குறைந்த அளவே கிட்டத்தட்ட 12,000 பிடியு. கடைகளில் விற்கும் 1,500 வாட் மின்சார ஹீட்டர் ஒன்று சுமார் 5,100 பிடியு கொடுக்கும். ஆக, அடுப்பு சும்மா இருக்கும்போதே இரண்டு ஹீட்டருக்கு மேல் ஓடுகிற மாதிரி. ஜனவரிக் குளிருக்குச் சரி, அக்டோபருக்கு யாருக்கு வேண்டும்? ஆன்-ஆஃப் முறைக்கு மாற்றினால் முழுசாக அணைந்து மறுபடி பற்றும். இதமான மாதங்களில் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன். ஆனால் அடிக்கடி பற்றவைத்தால், தீ மூட்டும் பாகமான இக்னைட்டர் தேயும், அது இன்னொரு செலவு.

எனவே கடையில் எத்தனை பிடியு என்று கேட்காதீர்கள், அவர்கள் பெருமையாகப் பெரிய எண்ணைத்தான் சொல்வார்கள். குறைந்தபட்சம் எத்தனை என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் கையேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். பொருத்தி முடித்ததும் அவர்கள் கிளம்புமுன் தெர்மோஸ்டாட்டை இறக்கச் சொல்லி, தீ அடங்குகிறதா என்று நின்று பாருங்கள். கால் மணி நேர வேலை.

மாடி குளிர்கிறது, கூடம் மட்டும் கொதிக்கிறது என்பவர்களுக்கு ஒன்று. சூட்டை மாடிப்பக்கம் தள்ள விசிறி வைப்பதைவிட, குளிர்ந்த நடைவழியில் தரையோடு ஒரு சின்ன விசிறியை வைத்து, குளிர்காற்றை அடுப்பு அறைக்குள் தள்ளிப் பாருங்கள். குளிர்காற்று கனம், கீழே போகும். சூடான காற்று மேலாகத் தானே வெளியேறும். எங்கள் மாடியில் நான்கு டிகிரி கூடியது.

கடைக்குப் போட்டோவோடு மெயில் போட்டேன். “தெர்மோஸ்டாட் பயன்படுத்தப்போவதை வாடிக்கையாளர் தெரிவிக்கவில்லை” என்று பதில் வந்தது. 150 டாலர் வாங்கிக்கொண்டு அதை மாட்டியதே அவர்கள்தான்; பில்லை இணைத்துத் திருப்பி அனுப்பினேன். அடுத்த வருடச் சுத்தத்துக்கு 20 சதவீதத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுக்கப்போகிறேன் என்று எழுதிய பிறகு, இரண்டாம் முறைக் கூலி 215 மட்டும் திரும்பி வந்தது. போர்டுப் பணம் வரவில்லை. புகாரை இந்த வாரம் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரலில் அடுப்பைச் சுத்தம் செய்ய வேறொருவரிடம் சொல்லியிருக்கிறேன். போனில் நான் மாடல் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறீர்களா? ஜம்பரை எடுத்தார்களா?”