விம்பிள்டனில் மூன்று வழிகள்: விருப்ப வாக்கு, தந்திரோபாய வாக்கு, வாக்களிக்காமை

பிரித்தானியப் பொதுத்தேர்தலில், தான் விரும்பும் கட்சி தன் தொகுதியில் வெல்லாது என்று கருதும் வாக்காளருக்கு மூன்று வழிகள் உள்ளன: அந்தக் கட்சிக்கே வாக்களிக்கலாம், விரும்பாத கட்சியைத் தோற்கடிக்கக்கூடிய வேறொருவருக்கு வாக்களிக்கலாம், அல்லது வீட்டில் இருந்துவிடலாம். தொழிற்கட்சி ஆதரவாளனான நான் தென்லண்டனின் விம்பிள்டன் தொகுதியில் 2017, 2019 தேர்தல்களில் முதல் வழியையும் 2024இல் இரண்டாவது வழியையும் தேர்ந்தேன். பொதுநலவாய நாடுகளின் குடிமக்களுக்கும் இங்கு வாக்குரிமை உண்டு. ஆகவே எஃப்ரா வீதிக் கணபதி கோயிலில் பூசை முடிந்து செருப்புப் போடும் இடத்திலும் இந்த விவாதம் நடந்தது.

வாக்களிக்காமையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2024இல் வாக்களிப்பு வீதம் ஏறத்தாழ 60 சதவீதமே. 2001க்குப் பின் இவ்வளவு குறைந்ததில்லை. தொழிற்கட்சி 2019ஐ விட 5 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைக் குறைவாகப் பெற்றும் 400க்கு மேற்பட்ட ஆசனங்களுடன் ஆட்சி அமைத்தது. வராதவர்களின் கோபம் எந்த ஆசனக் கணக்கிலும் ஏறவில்லை. அதே நாளில் ஹென்டன் தொகுதி 15 வாக்குகளால் தீர்மானிக்கப்பட்டது.

விருப்ப வாக்குக்கு உண்மையான மதிப்பு உண்டு. தொகுதியில் 5 சதவீதத்துக்கு மேல் கிடைத்தால் வேட்பாளரின் 500 பவுண் கட்டுப்பணம் திரும்பக் கிடைக்கும். கட்சியின் மொத்த வாக்கு வீதமும் உயரும். ஆனால் 14 சதவீத வாக்குகளுடன் வலதுசாரி ரிஃபோர்ம் கட்சி 2024இல் 5 ஆசனங்களையே பெற்றது. தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவர் மட்டுமே வெல்லும் இந்த முறையில், வாக்கு வீதம் ஆசனமாக மாறும் என்று நம்பியிருக்க முடியாது.

என் சாய்வு தந்திரோபாய வாக்கின் பக்கம். அதன் பயன் முழுவதும் ஒரேயொரு கேள்வியில் தங்கியுள்ளது: இந்தத் தொகுதியில் முன்னணியில் இருப்பவரை உண்மையில் எதிர்த்து நிற்பவர் யார்? 2017இல் விம்பிள்டனில் கன்சர்வேட்டிவ் கட்சி 5,622 வாக்குகளால் வென்றது. இரண்டாம் இடத்தில் தொழிற்கட்சி இருந்தது. அந்த நினைவோடுதான் 2019 டிசம்பரில் மழை இருட்டில் போய்த் தொழிற்கட்சிக்கே புள்ளடியிட்டேன். முடிவு வந்தபோது கன்சர்வேட்டிவ் வேட்பாளர் 628 வாக்குகளால் தப்பியிருந்தார். இரண்டாவதாக வந்தவர் லிபரல் டெமோக்ராட். மூன்றாவதாக வந்த எங்கள் கட்சிக்கோ 12,000க்கும் மேற்பட்ட வாக்குகள். அப்படி வாக்களித்தவர்களில் இருபதில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் அன்று மாற்றி யோசித்திருந்தாலே போதும் என்ற கணக்கு என்னைப் பல நாள் உறுத்தியது.

அந்தக் கேள்விக்கு விடை காண்பது எளிதல்ல, ஏனெனில் கதவிடுக்கால் விழும் துண்டுப்பிரசுரங்கள் ஒவ்வொன்றும் 'இங்கு வெல்லக்கூடியவர்கள் நாங்கள் மட்டுமே' என்று உயரமான பட்டை வரைபடத்தோடு சொல்கின்றன. 2024இல் அவற்றைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து, வரைபடத்தின் அடியிலிருந்த சிறிய எழுத்துகளை வாசித்தேன். ஒன்று உள்ளூராட்சித் தேர்தல் எண்களை எடுத்திருந்தது, இன்னொன்று நாடு தழுவிய கருத்துக்கணிப்பை. தொகுதி எல்லைகளும் மாறியிருந்ததால், 2019 முடிவைக்கூடச் சற்றுத் தள்ளி வைத்தே பார்க்க வேண்டியிருந்தது. ஆயினும் 628 என்ற எண் மற்ற எல்லாவற்றையும் விடத் தெளிவாகப் பேசியது. லிபரல் டெமோக்ராட்டுக்கு வாக்களித்தேன். அவர் 12,000க்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். அவ்வளவு பெரிய வெற்றிக்கு என்னைப் போன்றவர்கள் மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது.

நாடளவிலும் இந்தக் கணக்குத் தென்படுகிறது. லிபரல் டெமோக்ராட்டுகள் 2019ஐ விடக் குறைவான வாக்குகளோடு 11 ஆசனங்களிலிருந்து 72க்கு உயர்ந்தார்கள். 1997இலும் வாக்கு வீதம் குறைந்தபோதே 20 ஆசனங்கள் 46 ஆயின. 2022 ஜூன் 23இல் ஒரே நாளில் நடந்த இரு இடைத்தேர்தல்களில், கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்து வேக்ஃபீல்டைத் தொழிற்கட்சியும் டிவர்ட்டன்-ஹொனிட்டனை லிபரல் டெமோக்ராட்டுகளும் கைப்பற்றினார்கள். மற்றக் கட்சி அந்தந்த இடத்தில் கட்டுப்பணத்தையே இழந்தது. கன்சர்வேட்டிவ் வாக்குகளை ரிஃபோர்ம் பிரித்ததும் 2024இன் பெரிய காரணம் என்பதால், எல்லாவற்றையும் தந்திரோபாய வாக்கின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. சுதந்திரக் கேள்வியை ஒட்டி வாக்குகள் பிரியும் ஸ்கொட்லாந்துக்கு என் தென்லண்டன் அனுபவத்தை அப்படியே பொருத்தவும் கூடாது.

ஒரு கட்சி அசைக்க முடியாத பலத்தோடு இருக்கும் தொகுதியில் வசித்திருந்தால் தயங்காமல் விருப்ப வாக்கையே அளித்திருப்பேன். விம்பிள்டனில் இப்போது இரண்டாம் இடத்திலுள்ள கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் மூன்றாம் இடத்திலுள்ள தொழிற்கட்சிக்கும் இடையே சில நூறு வாக்குகளே வித்தியாசம். அடுத்த தேர்தலில் அந்தச் சிறிய எழுத்துகளை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருக்கும்.